புலித்தோலின் உள்பக்கம்

வேஷக்கடைக்காரி என்றுதான் ஊரே அவளைச் சொல்லும். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூடங்களில் மாறுவேடப் போட்டி என்று அறிவித்துவிட்டால் போதும், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் அவள் கடைக்குத்தான் ஓடி வருவார்கள். ராஜா, ராணி, கரடி, கத்தரிக்காய், எது கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாள்.

இந்த வருஷம் முதல் முறையாக அவளே நேரடியாக வெளிநாட்டிலிருந்து சரக்கு இறக்கினாள். அறுநூறு புலி, கரடி, முயல் வேஷங்கள். கையிலிருந்ததையெல்லாம் அதில் போட்டிருந்தாள். சனிக்கிழமை மூன்று பள்ளிகளில் போட்டி. அதற்குள் சரக்கு துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் கடை பிழைக்கும். வராவிட்டால் ஷட்டரை இழுத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

சுங்க அலுவலகத்தில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. ஒரு நாள் கூத்துக்குப் போட்டுக்கொண்டு கழற்றி எறிகிற மட்டமான வேஷம் 'விழாப் பொருள்'. அதற்கு வரி ஏதோ பேருக்குத்தான். அதே வேஷம் ஓரம் மடித்து, ஜிப் வைத்து, துவைத்துத் துவைத்துப் போடும்படி தைத்திருந்தால் அது 'உடை'. வரி ஆறு மடங்கு. உலகத்தில் எல்லோரும் தங்கள் சரக்கு உசத்தி என்று சத்தியம் செய்வார்கள். இங்கே மட்டும் என் சரக்கு மட்டம், படுமட்டம் என்று நிரூபிக்க வேண்டும்.

அவளுடைய சரக்கு மட்டம்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. விற்பவன் முன்கூட்டியே சாம்பிளுக்கு அனுப்பிய புலியின் கழுத்தில் கத்தரித்த துணி பிசிறு பிசிறாகத் தொங்கியது. முதுகில் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ ஒரு துண்டு, அவ்வளவுதான். அவளுக்கு வேண்டிய காகிதங்களையெல்லாம் பார்த்துக்கொடுக்கும் ஏஜென்ட் அதைக் கண்டு பூரித்துப்போனார். "பிரமாதம் மேடம்! இவ்வளவு கேவலமா இருந்தா கேள்வியே இல்ல. புதன்கிழமை இதையே எடுத்துட்டு வந்துடுங்க."

புதன்கிழமை காலை அவள் வழக்கம்போல் அவசரத்தில் இருந்தாள். அலுவலகங்களுக்குப் போகும்போது போடுகிற சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் நாத்தனார் தைத்துக் கொடுத்தது. பிள்ளை பெற்ற பிறகு கொஞ்ச நாள் பட்டன் போட முடியாமல் கிடந்த அந்தக் கோட்டு, பிறகு ஒரு நாள் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இளைத்துவிட்டேன் என்று அவள் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்ததற்கு அதுதான் சாட்சி. சோபாவில் மடித்து வைத்திருந்த புலியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

எது உடை, எது விழாப் பொருள் என்று வகைப்படுத்தும் சுங்க அதிகாரியை ஏஜென்ட்டுகள் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள். அவர் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். அவர் புலியைக் கையில் வாங்கி, முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்பக்கத்தை வெளியே திருப்பினார். ஓரம் ஓரமாக விரலை ஓட்டினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வைத்தார்.

"ஓரமெல்லாம் மடிச்சுத் தைச்சிருக்கு. கழுத்துக்குப் பட்டி வெச்சிருக்கு. முதுகுல ஜிப்பு. நாலு வருஷம் போட்டாலும் பிரியாது. இது உடைதான்."

அவள் மேசைமேல் கையூன்றி எட்டிப் பார்த்தாள். உண்மைதான். பிசிறையும் காணோம், வெல்க்ரோவையும் காணோம். "சார், இது இப்படி இல்ல சார்" என்று உளறினாள். "கையில இருக்கறதைத்தான் நான் பாக்க முடியும்" என்றார் அவர். வெளியே வந்ததும் ஏஜென்ட், விற்றவன் அதே பார்சலில் நல்லது ஒன்றையும் போட்டுக் குழப்பியிருப்பான், கை மாறி அது வந்துவிட்டது என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் நாத்தனார் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கணவனின் அக்கா. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் தைத்து ஓய்ந்து, இவர்களோடு வந்து தங்கியவள். அதிகம் பேச மாட்டாள். கேட்டதைத் தைப்பாள், கேட்காததையும் தைப்பாள். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது நான் தைச்சதும்மா" என்றாள்.

"எது அண்ணி?"

"புலி. நேத்து மத்தியானம் சோபாவுல கிடந்துச்சு. கழுத்தெல்லாம் பிசிறு. பிள்ளைங்க போட்டா அறுக்குமேன்னு ஓரம் அடிச்சேன். வெல்க்ரோ முதுகைப் பிறாண்டும், அதனால ஜிப் வெச்சேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வேஷக்கடைக்காரிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களை யாரு தைக்கச் சொன்னது? கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? என் பொழைப்பையே தைச்சு மூடிட்டீங்களே!" என்று கத்தினாள். இன்னும் சிலதும் சொன்னாள். அவற்றை எழுதுவது அவளுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை. நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மிஷினுக்கு உறை போட்டாள்.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. நான் செஞ்சதை நானே சொல்றேன்."

வியாழக்கிழமை மதியத்துக்குச் சற்று முன் மூவரும் பூதக்கண்ணாடியின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். இதை யார் நம்புவார்கள் என்று ஏஜென்ட் வழியெல்லாம் புலம்பியிருந்தார். நாத்தனார் பையிலிருந்து மஞ்சள் நூல்கண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்த நூல்தாங்க. கழுத்துல நூல் போதாம இடது தோள்கிட்ட முடிச்சுப் போட்டு வேற நூல் கோத்தேன். பட்டிக்கு வீட்டுல இருந்த தலையணை உறையைத்தான் வெட்டினேன். உள்ள பாருங்க, ஒரு பூவோட பாதி இருக்கும்."

அதிகாரி பார்த்தார். முடிச்சு இருந்தது. அரைப் பூவும் இருந்தது. நெடுநேரம் பார்த்தார்.

"நீங்க சொல்றது நெசமா இருக்கலாம். ஆனா பேச்சை வெச்சு நான் எழுத முடியாது. பெட்டியைத் திறந்து பாக்கணும். அதுக்கு முறை திங்கக்கிழமைதான் வருது."

சனிக்கிழமை போட்டி என்று சொல்ல வேஷக்கடைக்காரி வாயெடுத்தாள்; கண்ணீர்தான் வந்தது. அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு வேளை தொடங்கியிருந்தது. மேசைமேல் இருந்த டப்பாவைத் திறந்தவர், திரும்ப மூடினார். மேலதிகாரியின் அறைக்குள் போய் இரண்டு நிமிஷத்தில் வந்தார்.

"என் சாப்பாட்டு நேரத்துல நான் எங்க போனாலும் யாருக்கும் முறை தப்பாது. வாங்க."

கிடங்கில் அவரே தனக்குத் தோன்றிய பெட்டிகளாகப் பத்தைக் காட்டினார். ஆட்கள் பிரித்தார்கள். ஒவ்வொரு புலியையும் கரடியையும் உள்பக்கம் திருப்பினார். முதல் புலியின் கழுத்தை லேசாக இழுத்ததும் நூல் அவர் விரலோடு முழுசாக உருவிக்கொண்டு வந்தது. ஒரு முயலுக்குக் காதே கையோடு வந்துவிட்டது.

"இதுக்குப் பேரு தையலா?" என்றார் எரிச்சலாக. தன் சரக்கை ஒருவர் இப்படித் திட்டுவது வேஷக்கடைக்காரிக்கு அன்று தேன்போல் இருந்தது. நின்ற நிலையிலேயே பெட்டிமேல் காகிதத்தை வைத்து 'விழாப் பொருள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது. ஒரு டீயாவது வாங்கித் தருகிறேன் என்றாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "நான் இங்க தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்மா. நல்லபடியா வியாபாரம் பண்ணுங்க." பிறகு நாத்தனாரிடம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க. நேத்து நான் சொன்னது தப்பில்ல. நீங்க தைச்சது உடைதான். இருபது வருஷமா உள்பக்கம் பாக்கறேன், இந்த மாதிரி பாத்ததில்ல. சரக்கு வெளிய போனப்புறம் எத்தனை வேணா தைச்சுக்கங்க, அதுக்கு வரி கிடையாது."

திரும்பி வருகிற பஸ்ஸில் வேஷக்கடைக்காரி முதல் நாள் பேசியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரோ ஜன்னல் வழியே பார்த்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. அந்த மனுஷன் நல்லா இருக்கணும். நான் தைச்சதை உள்பக்கம் திருப்பிப் பாத்த முதல் ஆளு அவருதான்."

வேஷக்கடைக்காரி பதினொரு வருஷமாக அந்தக் கை தைத்ததைத்தான் உடுத்துகிறாள். நேற்று அதே கையின் தையலை மேசைமேல் பார்த்துவிட்டு, விற்றவன் அனுப்பியது என்று நம்பினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டிகள் கடைக்கு வந்து இறங்கின; ஒரு மூட்டைப் புலிகளை நாத்தனார் வீட்டுக்கு எடுத்துப் போனாள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியவள், ஏதோ தோன்றி, அதை உள்பக்கம் திருப்பினாள். வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படி. யார் கண்ணிலும் படாத இடத்திலும் ஓரம் மடிந்து நேராக ஓடியது. இரண்டு பக்கவாட்டிலும் தையலை விரலால் தடவியபோது சின்னச் சின்னத் துளைகள் தட்டுப்பட்டன. பழைய தையல் போன தடம். அதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் புதுத் தையல் போயிருந்தது. கல்யாணப் புதிதிலேயே நாத்தனார் உள்ளே கூடுதல் துணி விட்டுத் தைத்து, பிள்ளை பெற்ற இவள் பட்டன் போட முடியாமல் திணறியபோது சத்தமில்லாமல் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவள் ஊரெல்லாம் இளைத்த பெருமை அடித்ததையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.

அவள் கோட்டோடு முன்னறைக்கு வந்தாள். நாத்தனார் மடியில் ஒரு புலியைப் போட்டுக்கொண்டு கழுத்துப் பிசிறை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் நாற்பது புலிகள். வேஷக்கடைக்காரி அவளருகில் தரையில் உட்கார்ந்து, ஓர் ஊசியை எடுத்து நூல் கோத்து நீட்டினாள்.

"அண்ணி, அப்போ நான் இளைக்கவே இல்லையா?"

நாத்தனார் அவள் மடியிலிருந்த கோட்டைப் பார்த்தாள். ஊசியை வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"இல்லவே இல்ல" என்றாள்.