கல்பாலத்தில் ரதிதேவி

சோதிலிங்கம் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பக்குரங்கா என்ற புறநகரில் ஒரு சீனத் தாவோ கோவிலில் மழைநீர் இறங்கிச் சுவர்ச் சித்திரத்தின் அடிப்பகுதி உரிந்துபோக, சித்திரக்காரர் யாரும் அகப்படாமல் இவரைப் பிடித்தார்கள். அவருடைய மனைவி ரதிதேவி மகனோடு இருக்கும் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. ஒரு கோபத்தில் "போ" என்று சொன்னார், அவளும் போய்விட்டாள். மூன்று வருஷமாயிற்று. இவரும் கூப்பிடவில்லை. வீம்பு.

சுவர் முழுக்க மலைகள், பனிமூட்டம், வளைந்த பைன் மரங்கள். கீழே தேவர்களின் தோட்டம்: பீச் மரங்கள், குளம், ஒரு கல்பாலம். பாலத்தில் ஒருவருமில்லை. கோவில் சுவரில் ஒரு சாண் இடம் சும்மா கிடந்தாலே நம் ஆட்களுக்குக் கை அரிக்கும். தனியே சமைத்துத் தனியே சாப்பிடுகிறவருக்குக் கேட்கவா வேண்டும்? குளத்துக்கு நீலம் தீட்டியவர், பாலத்தின்மேல் விரலளவில் ஒரு பெண்ணையும் வரைந்துவிட்டார். கத்தரிப்பூ நிறச் சேலை, இடுப்பில் கை. ரதிதேவியேதான்.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் லின் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். யார் என்று கேட்டார். மனைவி என்றார் இவர். அம்மாவின் முகம் இளகிவிட்டது. இறந்தவர்கள்தான் இந்தத் தோட்டத்துக்கு வருவார்கள், எப்போது போனாள் என்று மெல்லக் கேட்டார். உண்மையைச் சொல்ல வெட்கமாயிருந்தது.

மூன்று வருஷம் என்றார்.

மறுநாள் காலை பாலத்துக்கு நேர்கீழே ஊதுபத்தி புகைந்தது. ஒரு தட்டில் தோடம்பழம். லின் அம்மா ரதிதேவிக்காகக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். சோதிலிங்கம், உயிரோடு இருக்கிறவளை வாய்கூசாமல் சாகடித்துவிட்டோமே என்று வெளியே ஓடிப்போய் அவளுக்கு ஃபோன் எடுத்தார்.

"ஆர்?"

"நான்தான்."

அவளுக்குப் பின்னால் பேரக்குழந்தை கத்துவது கேட்டது.

"ஏன், உடம்புக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லை. நீ சுகமா இருக்கிறியோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"ஓம், இருக்கிறன்." பிறகு, "அடுப்பில கறி கிடக்கு," என்று வைத்துவிட்டாள்.

வா என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் இருக்கிறாள்.

உள்ளே வந்து, என் பெண்சாதி சாகவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று லின் அம்மாவிடம் ஒப்புக்கொண்டார். அம்மா ஊதுபத்தியைப் பிடுங்கிக்கொண்டு போனார். சோதிலிங்கம் பனிமூட்டத்து வெள்ளையைக் குழைத்து, காலிலிருந்து தொடங்கி அவளை அழித்தார். சேலை போயிற்று. இடுப்பில் வைத்த கை போயிற்று. முகத்துக்கு வந்தபோது மட்டும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். பிறகு அதையும் அழித்தார்.