மாதாவின் நெற்றி

நாற்பத்தொன்றாவது வாழ்த்து அட்டையைக் காய வைக்கக் கொடியில் மாட்டும்போதுதான் கோமளம் அதைப் பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

மாட்டுத்தொழுவத்தில் குழந்தை ஏசுவை மடியில் வைத்திருந்த மாதாவின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு. பக்கத்து அட்டையிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. கொடியில் தொங்கிய அத்தனை மாதாக்களும் வெள்ளிக்கிழமை கபாலி கோயிலுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி குங்குமத்தோடு இருந்தார்கள்.

வைத்தவள் அவள்தான். உதட்டுக்குச் சிவப்பு தீட்டிய கையோடு நெற்றியிலும் ஒற்றியிருக்கிறாள். சின்ன வயதிலிருந்து எந்தப் பெண் முகம் வரைந்தாலும் அப்படித்தான் முடிப்பாள்.

"இன்னா மாமி, பேயடிச்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் கீழே உட்கார்ந்து மர அச்சில் மையைத் தடவிக்கொண்டிருந்த ஹாஜிரா பீ.

கோமளம் ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். ஹாஜிரா பீ எட்டப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகமும் மாறிப்போயிற்று.

ஹாஜிரா பீயின் புருஷன் மேஜை விரிப்புகளுக்கு அச்சு போடுகிறவர். சாந்தோமில் பிலோமினா டீச்சர் வீட்டுக்கு விரிப்பு கொடுக்கப் போனபோதுதான் இந்த வேலை வந்தது. "கடையில விக்கிற கிறிஸ்துமஸ் கார்டுல எல்லாம் பனி கொட்டுது. நான் பனியைக் கண்ணால பார்த்ததே இல்ல. கையால செஞ்சு குடுங்க, அறுபது வேணும்" என்று கேட்டிருந்தார் டீச்சர். புருஷன் தொழுவக் காட்சியை மரத்தில் செதுக்கிக் கொடுத்தார். மந்தைவெளியில் கோமளம் குடியிருந்த மாடிப் போர்ஷனில் உட்கார்ந்து ஹாஜிரா பீ அச்சுப் பதிப்பது, கோமளம் வண்ணம் தீட்டுவது என்று ஏற்பாடு. "சாமி படம், ஏனோதானோன்னு இருக்கக் கூடாது" என்று டீச்சர் இரண்டு தடவை சொல்லியனுப்பியிருந்தார். வெளிநாட்டுக்குப் போகிற அட்டைகளை நாளைக்கே தபாலில் சேர்த்தாக வேண்டும்.

கோமளத்தின் கணவர் சுந்தரராமனுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. "அவா சாமி படத்துல நாம கை வெக்கறோம். ஏதாவது தப்பாயிட்டா வேணும்னே பண்ணினதா நெனைச்சுப்பா" என்றார். ஒன்றும் ஆகாது என்று அவள்தான் வாதாடினாள்.

பிளேடு எடுத்து ஒரு பொட்டைச் சுரண்டிப் பார்த்தாள். காகிதம் நூல்நூலாகப் பிரிந்து மாதாவின் தலையில் ஓட்டை விழுந்தது. இன்னொன்றில் வெள்ளை வண்ணத்தை வைத்து மூடினாள். ரோஜா நிறத்தில் கொப்புளம் போல ஆயிற்று. உபரியாக இருந்தவை மூன்று வெற்று அட்டைகள்தான். வெளியே மழை வேறு விடவில்லை.

"இத்தை எடுத்துக்கினு நான் இன்னா மூஞ்சிய வச்சுக்கினு டீச்சரு வூட்டுக்குப் போவேன்?" என்றாள் ஹாஜிரா பீ. "நம்பிக் குடுத்தாங்களே மாமி!"

"நான் என்ன, வேணும்னா பண்ணினேன்?" என்றாள் கோமளம்.

அப்போது கதவைத் தட்டி, "மீட்டர் பாக்கணும்மா" என்று மின்சார ஆபீஸ்காரர் உள்ளே வந்தார். ஹாஜிரா பீ சட்டென்று முந்தானையைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் மீட்டரைப் பார்த்துவிட்டுப் போகும்வரை கோமளம் அவளையே பார்த்தாள்.

கதவு சாத்தியதும் உட்கார்ந்து நீலத்தைக் கெட்டியாகக் குழைத்தாள். மாதாவின் தலைத்துணியைப் புருவம்வரை இறக்கினாள். சிவப்பின் மேல் நீலம் ஏறி ஊதாவாகத் தெரிந்தது. மேலும் ஒரு பூச்சு பூசி, ஓரத்தில் மஞ்சளில் ஒரு மெல்லிய கரை ஓட்டினாள். பொட்டு மறைந்துவிட்டது.

"அட, முக்காடு!" என்றாள் ஹாஜிரா பீ.

எல்லாவற்றுக்கும் முக்காடு போட்டு, மிச்சத்தையும் தீட்டி முடிக்க விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. ஈரக் காற்றில் காயவில்லை. ஹாஜிரா பீ குமுட்டி அடுப்பில் கரி போட்டு மூட்டி, ஒவ்வொன்றாக அனலில் காட்டினாள். சுந்தரராமன் வந்து கேட்டதற்கு, "முடிஞ்சுடுத்து" என்று மட்டும் சொன்னாள் கோமளம்.

மறுநாள் காலை, அச்சு, வண்ணச் சாமான்கள் உட்பட எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு இருவரும் சாந்தோமுக்குப் போனார்கள். டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகத் திருப்பினார். ஐம்பதைத் தாண்டியதும் கோமளத்துக்கு மூச்சு சற்றே சீரானது. அப்போது ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு அட்டைகளை டீச்சர் நகத்தால் பிரித்தார். அடியில் இருந்த மாதாவுக்கு முக்காடு இல்லை, பொட்டு இருந்தது.

"இதென்ன?"

ஹாஜிரா பீ தரையைப் பார்த்தாள். ஒன்றே ஒன்றில் தவறிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று கோமளத்துக்குத் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது வேறு. "முக்காவாசி கார்டுல அப்படித்தான் இருந்தது டீச்சர். அது என் கைப்பழக்கம். முக்காடு போட்டு மறைச்சேன். உங்க சாமியைக் கேலி பண்ணணும்னு சத்தியமா இல்லை."

டீச்சர் மேலே இருந்த ஓர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"முக்காடு போட்டதெல்லாம் தபால்ல போகலாம்" என்றார் கடைசியில். "பொட்டு வச்சதை யாருக்கும் அனுப்ப முடியாது. எங்க சர்ச் பங்குச் சாமியார் பார்த்தா என்னைத்தான் கேப்பாரு. வேற ஒண்ணு போட்டுக் குடுங்க, இங்கேயே."

ஹாஜிரா பீ பையிலிருந்து அச்சை எடுத்துக் கடைசி வெற்று அட்டையில் பதித்தாள். டீச்சர் எதிரில் உட்கார்ந்து உறைகளில் விலாசம் எழுதத் தொடங்கினார். சாப்பாட்டு மேஜையில் அட்டையை வைத்துக் கோமளம் தீட்டினாள். உதட்டுக்குச் சிவப்பு வைத்தாள். வைத்த மறுகணமே தூரிகையைத் தண்ணீரில் முக்கி அலசு அலசு என்று அலசினாள்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "பயப்படாதீங்கம்மா. நான் உங்களைத் தப்பா நெனைக்கல."

கிளம்பும்போது பொட்டு வைத்த அட்டையைக் கோமளத்தின் கையிலேயே கொடுத்தார். "கிழிச்சுடாதீங்க" என்றார்.

தெருவில் மழை நின்றிருந்தது. "நீ வெச்சுக்கறியா?" என்று கேட்டாள் கோமளம்.

"எங்க வூட்ல படம் வெக்க மாட்டோம் மாமி."

கோமளம் அதை முந்தானையில் பொதிந்துகொண்டாள். வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தாள். கோயில் பக்கம் திரும்பும்போது ஏதோ ஓட்டலிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து தான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஹாஜிரா பீ, கொஞ்சம் வேகமா நட. பசி உயிர் போறது" என்றாள்.