பயந்தால் காலை எடுங்கோ

பின்சீட்டிலிருந்து எட்டி அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கதவு நசுங்கி அம்மாவின் இடுப்போடு ஒட்டியிருந்தது. விளக்குக் கம்பம் கதவோடு ஒட்டியிருந்தது. மழையில் நனைந்தபடி ஓர் ஓட்டோக்காரர் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "நங்கி, தங்கச்சி, அம்மாவோட கதைச்சிக்கிட்டே இருங்க, கண்ணை மூட விடாதீங்க" என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னார். ஆனால் அம்மாதான் என்னைக் கதைக்க வைத்தார்.

"உனக்கு எங்கயும் அடிபட்டதோ பிள்ளை?"

"இல்லை."

"பஹ்மியாவுக்கு?"

ஓட்டுநர் இருக்கையில் பஹ்மியா அக்கா இன்னும் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இருந்தார். அம்மா முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் அதே பிடி. கார் நின்றுவிட்டது என்பதே அவருக்குத் தெரியாதது போல இருந்தது. "டீச்சர், நான் காலை எடுத்தன் டீச்சர். நீங்க செல்லித் தந்த மாதிரியே எடுத்தன்" என்று முன்கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓம், எடுத்தனீங்கள்," என்றார் அம்மா. "நான் பாத்தனான்."

அகீலா, நாளைக்கு வகுப்பில் என் கதிரை வெறுமையாக இருந்தால் எனக்குக் காய்ச்சல் என்று மிஸ்ஸிடம் சொல்லு. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். வாசித்த பிறகு ஒருவருக்கும் அனுப்பாதே. அம்மா களுபோவில ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இடுப்பெலும்பு வெடித்திருக்கிறது. காலையில் ஒபரேஷன். வார்டில் நிற்க விடமாட்டோம் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஃப்ளாட்டில் நான் மட்டும்தான். மேசை லைட்டைக்கூடப் போடவில்லை, ஏனென்று தெரியவில்லை.

உனக்கு அம்மாவின் காரைத் தெரியும். உன் பெரியம்மாவும் அதில்தானே பழகினார். முன்னுக்கும் பின்னுக்கும் எல் போர்ட், இடது பக்கத்தில் அம்மாவுக்கு இன்னொரு பிரேக். எஞ்சின் முன்சில்லுகளைச் சுற்றி இழுக்கிற சின்ன ஜப்பான் கார். அதற்கு ஒரு பழக்கம் இருந்தது. கொஞ்சம் வேகமாக ஒரு முடக்கில் திரும்பினால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு திரும்பாமல் நேராகவே போகப் பார்க்கும். மரைன் ட்ரைவிலிருந்து எங்கள் லேனுக்குள் திரும்பும்போது பழகுகிறவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்க மதிலுக்குக் கிட்டப் போய்த்தான் திரும்புவார்கள்.

பஹ்மியா அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார். "டீச்சர், இந்தக் காருக்கும் எனக்கும் ஒரே புத்தி. திரும்பு எண்டு செல்ற நேரம் திரும்பாது, முட்டப் போற நேரந்தான் திரும்பும்."

"நீங்கள் ரெண்டு பேரும் திருந்தினால்தான் நான் லைசன்ஸ் ட்ரயலுக்கு அனுப்புவன்," என்பார் அம்மா.

பஹ்மியா அக்கா மாளிகாவத்தை ஃப்ளாட்ஸில் இருக்கிறார். கணவர் கத்தாரில். அவர் விட்டுப்போன கார் கீழே துணி போட்டு மூடியபடி நிற்கிறது. உம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க அடிக்கடி பொரளைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். திரும்பி வரும்போது உம்மாவுக்கு நிமிர்ந்து இருக்கவே ஏலாது, ஓட்டோவில் மடியில் சாய்த்துக்கொண்டு வருவாராம். பின்சீட்டில் உம்மாவைப் படுக்கவைத்துத் தானே ஓட்டிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். கணவர் ஃபோனில், உன்னால் ஏலாது, காரை வித்துவிடு என்றுதான் எப்போதும் சொல்வார்.

அம்மாவின் காரைத் திருத்துகிறேன் என்று சொன்னது நான்.

சிரிக்காதே. பௌதிகத்தில் எனக்கு நல்ல மார்க்ஸ் என்பது உனக்குத் தெரியும். நான் வீடியோக்கள் பார்த்தேன். முன்சில்லு இழுக்கிற காரை முடக்கில் நன்றாகத் திருப்புவது எப்படி என்று ஒரு வெளிநாட்டு ஆள் பலகையில் கீறிக் கீறி விளக்கினார். முன் டயருக்கு எஞ்சினின் பாரம், இழுக்கிற வேலை, திருப்புகிற வேலை எல்லாம் ஒன்றாக வருகிறது, அதனால் அது முதலில் வழுக்குகிறது. முன்னுக்கு நன்றாகப் பிடிக்கிற டயர் போடு. பின்பக்கத்தை இறுக்கு. பின்பக்கம் இறுகினால் முன்பக்கம் நிலத்தைப் பிடிக்கும். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

ஹெக்டர் அங்கிளின் கராஜுக்கு அம்மாவோடு போனேன். அம்மாவின் காரை எப்போதும் பார்க்கிறவர் அவர்தான்.

"இரண்டு டயருக்குத்தான் இப்ப வழி இருக்குது," என்றார் அம்மா. "எங்க போடுறது?"

"என்ன கேள்வி டீச்சர் இது. முன்னுக்குத்தானே இழுக்குறது, முன்னுக்குத்தானே திருப்புறது. புதுசு ரெண்டும் முன்னுக்கு. கொழும்பில எல்லாரும் அப்படித்தான் போடுறது."

பின்னுக்குப் பழையதில் தேய்வு குறைந்த இரண்டு போயிற்று. பிறகு நான் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கிய பின் ஷொக் அப்சோபர் இரண்டையும் எடுத்து வைத்தேன். அதே காரின் ஸ்போர்ட்ஸ் மாடலிலிருந்து கழற்றியது, நல்ல இறுக்கம். ஹெக்டர் அங்கிள் அதைக் கையில் அமத்திப் பார்த்துவிட்டு, "மகள், நீங்க அம்மாட எல் போர்ட்டைக் கழட்டிட்டு ரேஸ் ஓடப் போறதா?" என்று கேட்டார்.

"அவ எஞ்சினியராக வரப்போறவ. சொல்லுறதைப் போடுங்கோ," என்றார் அம்மா.

அம்மாவின் குரலில் பெருமை இருந்தது. பின் டயருக்குக் காற்றும் கொஞ்சம் கூட அடிக்கச் சொன்னேன்.

அடுத்த நாள் வெயில். பஹ்மியா அக்கா மரைன் ட்ரைவில் வந்து லேனுக்குள் திரும்பினார். கார் கோடு கீறியது போலத் திரும்பியது. மதில் பக்கம் போகவே இல்லை. அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, "டீச்சர், இது நான் தானா?" என்று கேட்டார்.

"நீங்கள்தான். காரும்தான். என்ர மகள் செய்த வேலை."

அவர் பின்னுக்குத் திரும்பி என் கன்னத்தைக் கிள்ளினார். "அல்லாஹ் உங்களுக்கு நல்ல அறிவத் தரட்டும் தங்கச்சி." அன்று இரவு கணவருக்கு வீடியோ கோல் எடுத்து, அந்தத் திருப்பத்தைக் கையால் காட்டினாராம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வெயில். இன்று பின்னேரம்தான் மழை.

நானும் டியூஷனுக்கு இறங்கவேண்டும் என்று பின்சீட்டில் ஏறியிருந்தேன். கடல் பக்கம் ஒன்றுமே தெரியாத மழை. லேன் வலது பக்கம் வந்தது. எதிரே தூரத்தில் ஒரு பஸ். பஸ் வருமுன் திரும்பிவிடலாம் என்று பஹ்மியா அக்கா வழமையைவிடக் கொஞ்சம் கூட மிதித்தார். கார் பாதி திரும்பியிருக்கும், லேனுக்குள்ளிருந்து ஓர் ஓட்டோ மூக்கை நீட்டியது.

பழக வருகிற எல்லோருக்கும் அம்மா முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். நீயும் உன் பெரியம்மாவின் வாயால் கேட்டிருப்பாய். பயந்தால் காலை எடுங்கோ. பிரேக்கைக் குத்தாதேங்கோ, ஸ்டியரிங்கை ஆட்டாதேங்கோ, முதலில் எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன். இத்தனை வருஷமாக அம்மா அதைத்தான் சொல்லி வருகிறார். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

பஹ்மியா அக்கா காலை எடுத்தார்.

எனக்குக் கீழே இருந்த சீட் ஒரு பக்கமாகப் போனது. எப்படிச் சொல்ல. முன்பக்கம் லேனுக்குள் போக, பின்பக்கம் தன்பாட்டில் வெளியே போனது, ஈரத் தரையில் சவர்க்காரக் கட்டி போவது போல. கடல் ஜன்னலுக்குக் குறுக்காக ஓடியது. அம்மா தன் பிரேக்கை அமத்தினார், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குள் கார் குறுக்காகி, அம்மாவின் பக்கம் கம்பத்தில் போய் இருந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். பஹ்மியா அக்கா வார்ட் வாசலில், சுருட்டிய ஷோலைக் கையில் பிசைந்தபடி நின்றார். "நான்தான் ஓட்டின. என்ட பேர எழுதுங்க. டீச்சருக்கு ஒண்டும் செய்ய வேணாம்," என்றார்.

அம்மா படுத்தபடியே சிங்களத்தில் பொலிஸ்காரருக்கு மறுத்துச் சொன்னார். பழக்குகிறவர் தான்தான், பிரேக்கைப் பிந்தி அமத்தியது தான்தான், பிழை தன்னுடையது. பொலிஸ்காரர் அம்மாவின் பழக்குநர் லைசன்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த லைசன்ஸ் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

"காருக்கு ஏதாவது மாத்தம் செய்தீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார். வழமையாகக் கேட்கிற கேள்விதான் போல, முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"டயர் மாத்தினது. புது டயர்," என்றார் அம்மா.

புது டயர் என்றதும் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், சொற்கள் மெதுவாக வந்தன.

"பின்பக்கம்தான் போனது, என்ன?"

நான் அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"எனக்கு விளங்கினது. இத்தனை வருஷமா அந்தச் சீட்டில இருக்கிறன். இந்தக் கார் ஒரு நாளும் பின்னால போனதில்லை." கண்ணை மூடினார். "ஒருத்தரிட்டயும் ஒண்டும் கதைக்காதை பிள்ளை. பஹ்மியாட்டயும்தான்."

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைத் திரும்பப் போட்டேன். முன்பு நான் கடைசிவரை பார்க்கவில்லை, அகீலா. டயரும் ஷொக்கும் பற்றிச் சொல்லி முடிந்ததும் நிறுத்திவிட்டேன். மிச்சம் சாதாரண வீட்டுக் கார்களுக்கான எச்சரிக்கை என்று தலைப்பு வந்தது, எனக்குச் சலிப்பாக இருந்தது.

அந்த மிச்சத்தில் அந்த ஆள் சொல்கிறார்: வீட்டுக் கார்களின் மூக்கு முதலில் வழுக்குவது குறை இல்லை. கார் செய்கிறவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்து விடுகிறார்கள். முடக்கில் பயந்துபோகிற மனிதர் காலைத்தான் எடுப்பார். எடுத்தால் பாரம் முன்னுக்கு வந்து, முன் டயர் பிடித்து, கார் தானாகத் திரும்பிவிடும். பயந்தவரைக் காப்பாற்றுவதற்காக வைத்த குணம் அது. அதை எடுத்துவிட்டுப் பின்பக்கத்தை இறுக்கினால், அதுவும் பின்னுக்குத் தேய்ந்த டயரோடு ஈரத்தில், அதே ஆள் அதே காலை எடுக்கும்போது பாரம் இல்லாத பின்பக்கம் சுற்றிவிடும். புது டயர் இரண்டுதான் இருந்தால் எந்தக் காரானாலும் பின்னுக்குப் போடுங்கள் என்கிறார். ஹெக்டர் அங்கிள் சொன்னதற்கு நேர் மாறாக. எங்களுக்குத் தெரிந்த எல்லோரும் சொல்வதற்கு மாறாக.

அப்படியானால் அவ்வளவு காலமும் அம்மா சொன்னது சரியாக இருந்தது அந்தக் கார் அப்படி இருந்ததால்தான். நான் காரை மாற்றினேன். அம்மாவின் சொல்லை மாற்றவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் உண்மையைச் சொன்னால், பழகுகிறவர்களை ஏற்றும் காரில் பிள்ளையை விளையாட விட்டவர் என்று அம்மாவின் லைசன்ஸ் திரும்பி வராது. இன்ஷுரன்ஸும் கையை விரித்துவிடும். சொல்லாவிட்டால்.

சொல்லாவிட்டால் என்ன என்பது கொஞ்சம் முன்புதான் ஃபோனில் வந்தது. பஹ்மியா அக்காவின் வொய்ஸ் மெசேஜ். பின்னால் அவருடைய உம்மா இருமுவது கேட்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். எனக்கு அவர் சொன்னது எல்லாம் பாடமாகிவிட்டது.

"தங்கச்சி, முழிச்சா ஈக்கிறீங்க? டீச்சருக்காக ஓதிக்கிட்டே ஈக்கிறன். நான் இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டன். அவருக்கும் செல்லிட்டன், காலைல வாங்குறதுக்கு ஆள் வாராங்க, காரைப் பாத்து எடுத்துக்கிட்டுப் போவாங்க. அது பரவால்ல. உம்மாவ ஓட்டோவில கூட்டிக்கிட்டுப் போவன், பழகினதுதானே. ஆனா கண்ண மூடினா அந்த முடக்குதான் வருது. நான் பிரேக்கைக் குத்தல்ல. ஸ்டியரிங்கை ஆட்டல்ல. டீச்சர் செல்லித் தந்ததத்தான் செஞ்சன். நீங்க பின்னுக்கு ஈந்தீங்க, உங்களுக்குக் காரப் பத்தி எல்லாம் தெரியும். கோவிக்க மாட்டன், மறைக்காமச் செல்லுங்க தங்கச்சி. நான் எந்த இடத்துல பிழை விட்டன்?"