பொண்ணுக்குத் தூக்கம் வரல

பாதி வாழ்க்கை கணக்கு டீச்சராக இருந்தவர், நாடு விட்டு நாடு வந்த நம்மாட்களுக்கு மனநல ஆலோசகர் ஆகிவிட்டார். சலவைக்கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு நாற்காலி, வாசலில் பளபளவென்று ஒரு பெயர்ப்பலகை. ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் படி ஏறினால் புத்தி பேதலித்தவன் என்று ஊரே பேசுமே! கடுப்பில் ஒருநாள் பலகையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார்.

மறுநாளே பஸ் டிரைவர் ஒருவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"டீச்சர், என் பொண்ணு விஷயமாப் பேசணும்."

"உட்காருங்க. படிப்பா?"

"படிப்புல கெட்டி. ஆனா தூக்கமே இல்ல. சோறு இறங்க மாட்டேங்குது. இந்த ஊர் பாஷையில பயணிங்க கத்தினா, பஸ்ஸை ஓரங்கட்டிட்டு இறங்கி ஓடிடலாம் போல இருக்கு."

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஆறு."

டீச்சருக்கு நாக்கு துறுதுறுத்தது. யார் தப்பு விட்டாலும் அங்கேயே பிடித்து நிறுத்தித் திருத்துவது அவர் பிறவிக்குணம். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாவம், ஆறு வயசுல எவ்வளவு பாரம்! அப்புறம் என்ன பண்றா?"

டிரைவர் மடை திறந்தாற்போல் கொட்டினார். பொண்ணுக்கு மீசை முளைக்காத குறைதான்.

"அடுத்த வாரமும் அவளைக் கூட்டிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

"கட்டாயம்" என்று எழுந்தவர், பாதிப் படி இறங்கித் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், அவளுக்கு இப்போ நல்லாப் பசிக்குது. பக்கத்துல எந்தக் கடையில சாப்பாடு நல்லா இருக்கும்?"