தடுப்பு போக மிச்சம் எட்டு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கையைக் கூட்டிவரப் போன இடத்தில் கிடைத்தது. ஜெராக்ஸ் கடை மாடியில் மூன்று பேர் பகடை உருட்டிக் கற்பனைச் சண்டை போடுவார்கள். பாத்திரத்தின் பலம், காயம் எல்லாம் ஒரு தாளில் இருக்கும். பாத்திரம் செத்தால், ஆடியவரே தாளைக் கிழிக்க வேண்டும். அது அந்த மேசையின் சட்டம்.

தங்கை பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆட்டத்தில் அவளுடைய பாத்திரமான மந்திரக்காரிக்கு மூன்று வயது; அதாவது மூன்று வருஷமாகச் சாகாமல் தாக்குப்பிடிக்கிறாள். அந்தத் தாளில் இனி அழிக்க இடமில்லை.

2

'டிராகன் வாயைத் திறந்தபோது வானம்...'

(வேண்டாம். அங்கே வானமே இல்லை, டியூப் லைட்தான்.)

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டிராகனின் நெருப்பு பதினெட்டு. இருபது முகப் பகடையில் பதினெட்டுக்குக் குறைந்தால் சாவு. தங்கையிடம் ஒரே ஒரு மந்திரத் தடுப்பு பாக்கி. அது நெருப்பில் பத்தைக் குறைக்கும். மிச்சம் எட்டு மேலே விழும். அவளுக்கு இருப்பதோ ஐந்து உயிர். தடுப்பு, பகடை இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த அந்த மேசையில் தடை.

"கிழிக்கக் கத்தரிக்கோல் வேணுமா தங்கச்சி?" என்றார் மீட்டர். கரண்ட் ரீடிங் எடுப்பவர்.

"உங்க நாக்குக்கு வேணும்னா கொண்டு வாங்கண்ணே."

3

ஆட்டத்தை நடத்துபவர் கணக்கு வாத்தியார். [இவரை வில்லனாக்கப் பார்த்தேன். எல்லோருக்கும் பென்சில் சீவிக் கொடுக்கிறவரை எப்படி வில்லனாக்குவது?]

"சார், ரெண்டும் சேர்த்துக் கூடாதுன்னு ஏன் சொன்னீங்க?" என்றாள் தங்கை.

"எல்லாம் நீங்க பண்ண திருட்டுத்தனம்தான். முதல்ல உருட்டிப் பாப்பீங்க. தோத்தா மட்டும் தடுப்பை நீட்டுவீங்க."

"இப்ப நான் உருட்டவே இல்லையே! தடுப்பை முன்னாடியே வைக்கிறேன். அப்புறம் இருபதே விழுந்தாலும் போனது போனதுதான், திருப்பிக் கேக்க மாட்டேன். மிச்சம் இருக்கிற எட்டுக்குத்தான் உருட்டுவேன். இதுல திருட்டு எங்க சார் இருக்கு?"

வாத்தியாரின் பென்சில் பாதி சீவலில் நின்றது. நான் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"இல்ல," என்றார் மெதுவாக. "வரிசையைத் திருத்தியிருக்கணும். நான் வாசலையே பூட்டிட்டேன். தடுப்பு முதல்ல, பகடை அப்புறம். செல்லும்!"

மீட்டர் மேசையில் அடித்த அடியில் டம்ளர் எகிறியது. "போடு தங்கச்சி! அந்தப் பல்லிக்குப் பல்லைப் பிடுங்கு!"

தங்கை தாளில் இருந்த தடுப்பைக் கோடு போட்டு அடித்தாள். பகடையை உள்ளங்கையில் குலுக்கினாள். எட்டு வேண்டும்.

4

முடிவு ஒன்று: இருபது விழுகிறது. (இவ்வளவு சுலபமா என்று வாசகர் என் விலாசம் தேடுவார்.)

முடிவு இரண்டு: ஏழு விழுகிறது. (தங்கை என்னையே தேடுவாள்.)

எழுதியதை அவளிடம் காட்டினேன். "செல்லும்னு அவர் சொன்னாரே, அங்கயே நான் ஜெயிச்சுட்டேன். நம்பரைப் போட்டு அதைச் சின்னதாக்காதே," என்றாள்.

அதனால் பகடை உங்கள் கையில். எட்டோ அதற்கு மேலோ. உருட்டுங்கள்.

அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், நடுவில் ஒரு கிழிசல்கூட இல்லாமல் என்ன ஒட்டியிருக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.