ஒரு வாய் கேசரி

பதினொன்றே கால் மணிக்குப் பவுனம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். சுதந்திர தின விழா முடிந்துவிட்டது. பந்தலில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பாக்குமட்டைத் தட்டுகளில் கேசரி வைத்தது வைத்தபடி இருந்தது. முந்திரியைக்கூட யாரும் எடுக்கவில்லை. சுவரோரம் சில, குழாயடியில் சில, தென்னம்பிள்ளைப் பாத்தியில் கவிழ்த்தது சில. ஒரே ஒரு தட்டில் விரல் பட்ட பள்ளம் இருந்தது. அது பார்த்திபனுடையது. அவன் ஒரு வாய் எடுத்துவிட்டான். அடுத்த வாய் எடுப்பதற்குள் அவன் கையில் அவனுடைய அம்மா ஓங்கித் தட்டியதைப் பவுனம்மாள் பார்த்திருந்தாள்.

வருஷாவருஷம் நடப்பதுதான். பத்தாம் வகுப்பில் முதல் மார்க் எடுத்த பிள்ளை, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவருக்கு ஒரு வாய் கேசரி ஊட்டும். பிறகு வந்திருக்கும் ஊர்க்காரர்களுக்கெல்லாம் தன் கையால் கொடுக்கும். ரங்கநாதன் தலைவரான பிறகு அவரே கொண்டுவந்த வழக்கம். போன வருஷம் அவர் வாயைத் திறந்து நின்ற படம் பேப்பரில் வந்தது. அதற்குச் சட்டம் போட்டு ஆபீஸ் ரூமில் மாட்டியிருந்தார்கள்.

இந்த வருஷம் முதல் மார்க் பவுனம்மாளின் மகள் கலைமதி. காலனிப் பிள்ளை ஒன்று முதலாவதாக வந்தது இதுவே முதல் தடவை. ரங்கநாதனின் தம்பி மகன் பார்த்திபன் இரண்டாவது.

ஊட்டுவது சுகாதாரம் இல்லை, தட்டில் வைத்துக் கொடுத்தால் போதும் என்று தலைமை ஆசிரியர் காலையில் மைக்கில் சொன்னார். கலைமதி கொடுத்தாள். எல்லாரும் சிரித்த முகமாக வாங்கினார்கள். நல்லாப் படிம்மா என்றார்கள். வாங்கிய கையோடு ஒவ்வொருவராகக் கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார்கள். கேட்டவர்களிடம் சுகர் இருக்குது என்றார்கள். கேசரி கிண்டியவர் ஊர்ச் சமையல்காரர்தான். கொடுத்த கைதான் வேறு.

தலைமை ஆசிரியர் வேகமாக வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொழந்த கண்ணுல படப்போவுது பவுனு. மனசு ஒடஞ்சிடும். சீக்கிரம் குழியில கொட்டு."

நல்ல மனுஷர். பள்ளிக்கூடம் பெருக்கும் வேலையை ரங்கநாதனிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைப்பதற்குள் கலைமதி வந்துவிட்டாள். பவுனம்மாள் முந்தானையை இழுத்துக் கூடையை மூடினாள்.

"யம்மா, எல்லாரும் சாப்ட்டாங்களா?"

"வழிச்சி நக்கிட்டாங்க."

மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. செஞ்சியிலிருந்து பேப்பர்காரர் வந்திருக்கிறார், திரும்பவும் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பேப்பர்காரர் சர்ஃபராஸ். வழியில் வண்டி பஞ்சராகி நேரமாகிவிட்டது. ஊருக்குப் புதியவர். போன வருஷம் வந்த மாதிரியே ஊட்டுகிற படம்தான் வேண்டும், சும்மா சர்டிபிகேட் கொடுப்பதையெல்லாம் ஆபீசில் போட மாட்டார்கள் என்றார். ரங்கநாதன் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் தரையைப் பார்த்தார். பேப்பரில் படம் வராமல் போவதை ரங்கநாதனால் தாங்க முடியாது. துண்டைச் சரி செய்துகொண்டு வந்து நின்றார்.

ஒரு ஸ்பூன் வந்தது. கலைமதி கேசரியை அள்ளி நீட்டினாள்.

"பக்கத்துல வெச்சிக்கினாப் போதும்மா. மேல படாம," என்றார் ரங்கநாதன், பல்லைக் கடித்துச் சிரித்தபடி.

சர்ஃபராஸ் கேமராவைக் கண்ணில் வைத்தார். எடுத்தார்.

"சார், வாய் மூடியிருக்குது. கொஞ்சம் தொறந்தீங்கன்னா நல்லாருக்கும்."

"இப்டியே எடுப்பா."

"சும்மா ஒரு வாய் வாங்கிக்கங்க சார். இன்னா இருக்குது அதுல?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் செல்போனைப் பார்த்தார்கள். ரங்கநாதனின் உதடுகள் இன்னும் இறுகின. கழுத்து மெல்லப் பின்னால் சாய்ந்தது. கலைமதி அந்தக் கழுத்தைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைப் பவுனம்மாள் பந்தல் காலோரம் நின்று பார்த்தாள். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. இனி மூடி என்ன ஆகப்போகிறது.

கூடையோடு நேராக நடந்தாள். தலைமை ஆசிரியர் குறுக்கே வந்து, அப்பால போ பவுனு, வேலையைக் கெடுத்துக்காத என்றார். அவள் விலகி நடந்தாள். ரங்கநாதனின் காலடியில் கூடையை இறக்கி, முந்தானையை எடுத்தாள். கேசரியில் எறும்பு ஏறியிருந்தது. சர்ஃபராஸ் கேமராவைக் கீழே இறக்கினார்.

கலைமதி கூடையைப் பார்த்தாள். கையை மடக்கப் போனாள். பவுனம்மாள் அந்த முழங்கையை அடியிலிருந்து தாங்கிப் பிடித்தாள்.

"எறக்காதடி," என்றாள் மகளிடம். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கொழந்தைக்குக் கை வலிக்குது சார். வாயத் தொறங்க."