அலிஃப் முயலின் ஊர்வலம்

டீச்சருக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. மழலையர் பள்ளியில் இன்று அவளுடைய முதல் அரபு வகுப்பு.

"நாலு வயசுப் பிள்ளைங்க அரை மணி நேரம் ஒழுங்கா உக்காந்தா பார்க்கலாம். இல்லேன்னா அந்த நேரத்தை ஓவியத்துக்குக் குடுத்துடுவேன்" என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தார்.

டீச்சர் நம்பியிருந்தது ஒரு பெரிய படப்புத்தகத்தை. படங்கள் அவள் வரைந்தவை. பைண்டிங், அதையே தொழிலாகச் செய்யும் கணவனுடையது. கல்யாணமானபின் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை. பக்கத்துக்கு ஓர் எழுத்து, ஒரு படம். அரபு வலமிருந்து இடமாகப் போவதால், முயலின் இடுப்புக் கயிறு இடப்புறம் நீண்டு அடுத்த பக்கத்து வாத்தின் அலகில் முடியும்.

வகுப்பு தொடங்கும் நேரத்துக்குத்தான் கணவன் சணல் கயிறு கட்டிய பார்சலோடு ஓடி வந்தான். பிரித்தவளுக்கு முகம் தொங்கிவிட்டது. எல்லாப் புத்தகத்தையும்போல இதையும் இடது ஓரத்தில் தைத்திருந்தான். முயலின் கயிறு வாத்துக்கு முதுகைக் காட்டி, புத்தகத்துக்கு வெளியே அந்தரத்தில் போய் நின்றது.

"ஏங்க, வலப்பக்கம் தைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"கைப்பழக்கம்மா... ஆனா தையல் எவ்வளவு நேரா இருக்கு பாரு."

"நேராதான் இருக்கு. முயலுக்கும் வாத்துக்கும் விவாகரத்து வாங்கிக் குடுத்துட்டீங்க!"

அவன் விழித்த விழியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு ஒரு யோசனையும். சணல் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "உள்ள வாங்க. உங்களுக்குத் தண்டனை இருக்கு."

தாள்களில் எழுத்துகளைப் பெரிதாக எழுதினாள். "யாரு முயல்?"

"நானு மிஸ்! நானு!"

குரல் பெரிதாக இருந்த பெண் குழந்தை, கழுத்தில் தாளும் இடுப்பில் சணல் கயிறுமாகக் கரும்பலகையின் வலது ஓரத்தில் நின்றாள். "அலிஃப்! அர்னப்!" என்று டீச்சர் எழுத்தையும் முயலின் அரபுப் பெயரையும் சொல்ல, எல்லாரும் திருப்பிக் கத்தினார்கள். பார்ப்பவர்களின் இடப்பக்கமாக, அவளுக்கு அடுத்து 'பா', பத்தா. வாத்து இடுப்பை ஆட்டிக்கொண்டே கயிற்றைப் பிடித்தது. 'தா' எழுத்துக்கு ஆப்பிள், துஃப்பாஹ். 'ஸா' எழுத்துக்கு நரி, ஸஃலப். ஒட்டகத்துக்கு மட்டும் ஆள் உயரமாக வேண்டியிருந்தது.

"ஜீம்! ஜமல்!" கணவனின் கழுத்தில் தாள் ஏறியது.

"ஒட்டக மாமா, குனிஞ்சு நடங்க!" வாத்து அதட்டியது. முயல் இழுக்க, ஊர்வலம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு அறையைச் சுற்றியது. எழுத்துகள் கூரையைப் பிளந்தன.

வகுப்பைக் கவனிக்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை எழுந்தார். ஊர்வலம் அப்படியே நின்றது.

"ஒரு நிமிஷம்கூட உக்காரலையே இதுங்க."

டீச்சர் கயிற்றைச் சுருட்டப் போனாள். அவர் கைப்பையை நாற்காலியில் வைத்தார்.

"ஜீமுக்கு அடுத்தது என்ன?"

"ஹா, மேடம். ஹிஸான்... குதிரை."

"நல்லது. குதிரையும் உக்காராது. நாளையிலேர்ந்து தினமும் இந்த நேரம் உங்களுக்குத்தான். இப்போ சொல்லுங்க, நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"

டீச்சர் வாயைத் திறக்கவே விடவில்லை பிள்ளைகள். "இந்தப் பக்கம் மேடம்! ஒட்டகத்துக்கு இந்தப் பக்கம்!" என்று அத்தனை கைகளும் இடதுபுறம் நீண்டன.